மௌனத்திரையில் ஒரு மல்லன்

அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழ்ந்த இரமண முனிவர், தம்மை நாடி வந்தோர்க்கு ஆன்மாவின் இயல்பை விளக்குவதற்குத் திரைப்படத்தை உவமையாக எடுத்தாண்டார் என்ற செய்தி பலருக்கு வியப்பளிக்கக்கூடும். திரைமீது தோன்றும் நெருப்பு திரையைச் சுடுவதில்லை. பாய்ந்து வரும் வெள்ளம் அதனை நனைப்பதில்லை. காட்சிகள் வருவதும் மறைவதுமாய் இருக்க, அவற்றைத் தாங்கும் வெண்திரை மட்டும் மாறாது நிற்கிறது என்பது அவ்வுவமையின் சாரம். 1930களில் ஆசிரமத்தில் நிகழ்ந்த உரையாடல்களின் பதிவுகளில் இதனை மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

இன்னொரு பொருத்தமும் நம் கருத்தைக் கவர்கிறது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் லூமியே சகோதரர்களின் அசையும் படங்கள் இந்திய மண்ணில் முதன்முறையாகக் காட்டப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மதுரையைத் துறந்து புறப்பட்ட வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். மௌனப்படமும் மௌன முனிவரும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் இந்நாட்டில் தம் பயணத்தைத் தொடங்கினர் எனலாம்.

இரமணர் கைத்தடியும் கமண்டலமுமாய் மலையடிவாரத்தில் நடந்து செல்லும் ஒலியற்ற படத்துண்டுகள் சில இன்றும் உள்ளன. ஆசிரமத்தார் அவற்றைப் பேணிப் புதுப்பித்துக் காத்து வருகின்றனர். புகழை நாடாது ஒதுங்கியிருந்த ஒரு துறவியின் நடையை நாம் இன்று கண்ணாரக் காண முடிகிறது. ஆனால் அதே காலத்தில், திரையையே தம் வாழ்வாகக் கொண்டு, உடலின் ஒவ்வோர் அசைவையும் காண்போர்க்கென அர்ப்பணித்த தமிழ் நடிகர் ஒருவர் சென்னையில் எடுத்த மௌனப்படங்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்தாம் புதுக்கோட்டை பி. கே. நாகலிங்கம் என்னும் ராஜா சாண்டோ. அவருடைய கலையையும், நம் கைகளில் அது அடைந்த கதியையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மேற்கிலிருந்து வந்த வீரர்கள்

மௌனப்பட காலத்துத் தமிழ் ரசிகனின் உள்ளத்தில் முதலில் குடியேறிய வீரன் தமிழன் அல்லன். திருச்சியில் இரயில்வே பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவர், 1905ஆம் ஆண்டில் துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டிச் சென்றார். ஆண்டவர் இயேசுவின் வாழ்க்கையைச் சித்தரித்த படமும் அவற்றுள் ஒன்று. பின்னர் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை நிறுவினார். இவ்வாறு திறக்கப்பட்ட பாதையில் அடுத்து வந்தவை அமெரிக்கத் தொடர்படங்கள்.

எட்டி போலோ என்ற பெயர் சென்னைக் கொட்டகைகளில் மந்திரம்போல் ஒலித்த காலம் அது. சர்க்கஸ் குடும்பத்தில் வளர்ந்த அவர், குதிரையேறியும் கூரைகளினின்று குதித்தும் தொடர்படங்களில் நடித்தார். ஒவ்வொரு பகுதியும் வீரன் ஆபத்தில் சிக்கிய கணத்தில் முடியும். மறுவாரம் வரை மக்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பர். 1927-28ஆம் ஆண்டுகளில் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு ஆய்வு நடத்தியபோது, இந்நாட்டில் காட்டப்பட்ட படங்களில் மிகப் பெரும்பான்மை அயல்நாட்டவையே. அவற்றுள்ளும் அமெரிக்கப் படங்களே மிகுதி.

இவ்வீரர்களுக்கெல்லாம் மூத்தவராகவும், கலைத்தரத்தில் மேம்பட்டவராகவும் நாம் கருதுவது வில்லியம் எஸ். ஹார்ட் என்பவரை. 1864இல் பிறந்த இவர் நெடுங்காலம் நாடகமேடையில் நடித்தவர். 1899இல் 'பென்ஹர்' நாடகம் அரங்கேறியபோது மெசாலாவாகத் தோன்றியவர் இவரே. ஐம்பது வயதை எட்டும் வேளையில் திரைக்கு வந்து, அமெரிக்க மேற்குப் புலத்தின் குதிரைவீரனாகப் பெரும் புகழ் பெற்றார்.

1916இல் வெளிவந்த 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' என்ற இவரது படம் மறைப்பணியாளர் எவரும் சிந்திக்கத்தக்கது. மனவுறுதியற்ற இளம் போதகர் ஒருவர், தீமை தலைவிரித்தாடும் எல்லைப்புற ஊருக்குத் தம் சகோதரியுடன் அனுப்பப்படுகிறார். அவரை விரட்டுவதற்கென மதுக்கடைக்காரன் ஒரு துப்பாக்கி வீரனை ஏவுகிறான். போதகரோ குடியில் வீழ்ந்து, தம் ஆலயத்தையே எரிக்கும் கூட்டத்தில் சேர்ந்து மடிகிறார். அவரை விரட்ட வந்த வீரனோ அப்பெண்ணின் விசுவாசத்தால் மனம் திரும்புகிறான். எனினும் மனம் திரும்பியவனும் இறுதியில் அவ்வூரைத் தீக்கிரையாக்கியே தன் அறத்தை நிலைநாட்டுகிறான்! நெஞ்சு மாறியது, கை மாறவில்லை. மேற்குப் புலப் படங்களின் வலிமையும் குறையும் இதுவே எனத் துணிந்து கூறலாம்.

புதுக்கோட்டையிலிருந்து பம்பாய்க்கு

இத்தகைய வீரப்படங்கள் நாடெங்கும் ஓடிய நாளில்தான் நாகலிங்கம் பம்பாய் சென்றார். 1890களில் புதுக்கோட்டையில் பிறந்த அவர் இளமையிலேயே உடற்பயிற்சியில் தேர்ந்தவர். பிரஷ்யாவில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பலசாலியான யூஜின் சாண்டோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து தம் ஆற்றலைக் காட்டிச் சென்றார். அதன்பின் 'சாண்டோ' என்பது நம்மவரிடையே பலசாலிகளுக்குரிய பட்டமாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் படமுதலாளியாகச் சிறந்த சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரிலும் இப்பட்டமே ஒலித்தது. நாகலிங்கம் 'ராஜா சாண்டோ' ஆனதும் அவ்வகையில்தான். பெயர் மாற்றத்திலேயே அக்காலத்தின் ஆசை ஒன்று வெளிப்படுகிறது. அடிமைப்பட்டிருந்த நாட்டின் இளைஞன், ஆள்வோரின் உலகம் போற்றிய வலிமையைத் தன் உடலிலும் காட்ட விழைந்தான்.

பம்பாயில் எஸ். என். பட்டாங்கர் அவருக்கு வாய்ப்பளித்தார். 1923இல் வெளிவந்த 'வீர் பீம்சேன்' படத்தில் அவர் பீமனாக நடித்தார். அதற்கு 101 ரூபாய் ஊதியம் பெற்றார் என்பர். எட்டி போலோவின் தாவலையும் குத்துச்சண்டையையும் கண்டு பழகிய மக்களுக்கு, தம் இதிகாசத்து வீரனே அத்தகைய உடலுடன் திரையில் தோன்றியது எத்தகைய களிப்பை அளித்திருக்கும்! அயல்நாட்டு வீரன் மக்களுக்கு வேடிக்கையாக இருந்தான். பீமனோ, தெருக்கூத்திலும் பாரதப் பிரசங்கத்திலும் அவர்கள் முன்பே அறிந்திருந்த உறவினன்.

மௌனப்பட நடிப்பின் இயல்பை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். அக்காலத்துக் கொட்டகை உண்மையில் மௌனமாக இருந்ததில்லை. வாத்தியக் குழு முழங்கும். திரையருகே நின்று ஒருவர் உரத்த குரலில் கதையை விளக்குவார். எழுத்தறிந்தோர் திரையில் வரும் எழுத்துகளை அறியாதார்க்குப் படித்துக் காட்டுவர். எல்லாரும் பேசினர், நடிகன் ஒருவனே பேசவில்லை. அவனுக்கு மொழியாக அமைந்தது அவன் உடலே. ஆகவேதான் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் பம்பாயில் முன்னணி நடிகராக விளங்க முடிந்தது. மொழிவழி எல்லைகள் திரையுலகில் எழுமுன், தோளின் திரட்சியும் கண்ணின் கனலும் எல்லா மாகாணத்தாருக்கும் பொதுவாயிருந்தன.

வலிமையிலிருந்து பொறுப்புக்கு

ராஜா சாண்டோ பீமனாகவே நின்றுவிட்டிருப்பின் அவரைப் பற்றி எழுத அதிகம் இருந்திராது. 1920களின் பிற்பகுதியில் சந்துலால் ஷாவின் படங்களில் அவர் சமகால மனிதராகத் தோன்றத் தொடங்கினார். 1926இல் சுலோசனா, கோஹர் ஆகியோருடன் அவர் நடித்த 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்திற்கு 'நான் ஏன் கிறிஸ்தவளானேன்' எனப் பொருள்படும் மறுபெயரும் இருந்தது. அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணும் கிறிஸ்தவளாகும் பெண்ணும் அன்றைய சமுதாயத்தின் கண்களில் ஒருங்கே வியப்புக்கும் ஐயத்துக்கும் உரியவர்களாயிருந்தனர் என்பதற்கு இவ்விரு பெயர்களும் ஒரே படத்திற்கு அமைந்ததே சான்று. திருமறையை ஏற்பதை ஒரு பரபரப்புச் செய்தியாக விற்க முயன்ற அவ்விளம்பர மனப்பான்மையை நாம் பாராட்டவில்லை. எனினும் புராணத்தை விட்டு வீட்டுக்கும் வீதிக்கும் திரைப்படம் இறங்கி வந்தது குறிப்பிடத்தக்க திருப்பமே.

மறு ஆண்டு, கோஹரும் அவரும் நடித்த 'குணசுந்தரி' வெளிவந்தது. கணவன் நாட்டியக்காரியை நாடிச் செல்கிறான். வீட்டுக் கடமைகளில் மூழ்கியிருந்த மனைவி, தான் வெறும் பணிவிடைக்காரியாயிராது அவனுக்குத் துணைவியாகவும் விளங்க வேண்டும் எனத் துணிகிறாள். தவறியவன் கணவன், திருந்த வேண்டியவள் மனைவி! இந்நீதியின் ஓரவஞ்சனை நம் நெஞ்சை உறுத்துகிறது. ஆயினும் இத்தகைய கதைகளில் தோள்வலிக்கு வேலையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாறையைப் பெயர்ப்பவன் தன் மனத்தைப் பெயர்க்க இயலாது தடுமாறுவதே அங்கு நாடகம். வலிமையின் அடையாளமாக மக்கள் அறிந்த ஒருவரே இத்தகைய குடும்பக் கதைகளுக்கு வந்தது, ஆண்மை என்பது எதில் உள்ளது என்ற வினாவைத் தானாகவே எழுப்பியது.

1928இல் 'ஸ்நேக ஜோதி' படத்தின் வாயிலாக இயக்குநராகவும் ஆன அவர், பின்னர் சென்னைக்குத் திரும்பினார். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்தில் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அனாதைப் பெண்', 'ராஜேஸ்வரி', 'உஷா சுந்தரி' ஆகிய மௌனப்படங்களை 1930, 1931ஆம் ஆண்டுகளில் இயக்கினார். பின்னாளில் பேரியக்குநராகத் திகழ்ந்த கே. சுப்பிரமணியம் அங்குதான் அவருடன் பணியாற்றித் திரைத்தொழில் பயின்றார். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகியாகப் புகழ்பெற்ற டி. பி. ராஜலட்சுமி, அதற்கு முன் நடித்த மௌனப்படங்களில் இவர் இயக்கியவையும் உண்டு.

இப்பட்டியலில் 'நந்தனார்' நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது. நந்தனிடம் படையில்லை, பொருளில்லை, சாதிப் பெருமையில்லை. கோயில் வாயிலைக் கடக்கும் உரிமையும் இல்லை. ஏக்கம் ஒன்றே அவருடைய வலிமை. தீண்டாமை குறித்து நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த 1930ஆம் ஆண்டில், தசைத்திரளால் பேர்பெற்ற ஒருவர், தன் உடல் தீட்டெனத் தள்ளப்பட்ட மனிதனின் கதையை எடுத்தார். ஒருவனுக்கு உடல் விருதாகிறது. மற்றவனுக்கு அதே உடல் விலங்காகிறது. இம்முரணை அவர் உணர்ந்தே செய்தாரா, வணிகர் கேட்டதைச் செய்தாரா என்பது இங்கு முதன்மையன்று. கலை சில வேளைகளில் கலைஞனின் திட்டத்தையும் கடந்து உண்மை பேசும்.

பேசும்படம் வந்தபின்

1931இல் திரை பேசத் தொடங்கியது. பேசியதைவிடப் பாடியதே மிகுதி. குரலற்ற நடிகர் பலரை அம்மாற்றம் வீழ்த்தியது. ஹார்ட் அதற்கு முன்னரே, 1925இல் 'டம்பிள்வீட்ஸ்' படத்துடன் ஒதுங்கியிருந்தார். 1939இல் அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, முதியவராய்த் தம் பண்ணையில் நின்று அவர் விடைபெற்றுப் பேசிய முன்னுரை அதனுடன் இணைக்கப்பட்டது. திரையுலகம் கேட்ட அவர் குரல் அதுவே.

ராஜா சாண்டோ வேறு வழியை மேற்கொண்டார். பாடகர்கள் நாயகர்களான காலத்தில் அவர் கேமராவின் பின்னே நின்று பணியாற்றினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைக் கொண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா' 1935இல் அவர் இயக்கத்தில் வெளிவந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் திரையில் அறிமுகமானது அப்படத்தில்தான். புராணங்களே கோலோச்சிய நாளில் சமூகக் கதை ஒன்று மக்களிடையே வெற்றிபெறும் எனக் காட்டிய பெருமை அதற்குண்டு.

1939இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' அவரது இயக்கத்தில் வந்தது. தில்லையில் வாழ்ந்த குயவர் ஒருவர், தம் பிழையால் புண்பட்ட மனைவியின் ஆணையை ஏற்று, ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவளைத் தீண்டாது இளமை கழியுமளவும் நிற்கும் கதை அது. 'குணசுந்தரி'யில் கணவனின் தவற்றுக்கு மனைவி மாறினாள். இங்கு கணவனே தன் தவற்றின் சுமையை வாழ்நாளெல்லாம் சுமக்கிறான். 1923இன் பீமனுக்கும் 1939இன் திருநீலகண்டருக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அடிக்கும் கையிலிருந்து அடங்கும் கைக்கு வந்த பயணம் எனலாம் அதை. விவிலியத்துச் சிம்சோன் தன் வலிமையின் பொருளை, அது தன்னை விட்டு நீங்கிய பின்னரே உணர்ந்தான். வலிமை தன்னைக் காட்டிக்கொள்வதை நிறுத்தும்போதுதான் முதிர்ச்சி பெறுகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. பேசும்படக் கலைக்குரிய ஓட்டத்தை அக்காலத்தார் எவரையும்போலவே அவரும் முழுமையாகக் கைக்கொண்டாரல்லர். பாட்டும் நகைச்சுவைத் துணைக்கதையும் மையக்கதையை நெருக்கித் தள்ளுவதைத் தடுக்க அவரால் இயலவில்லை. 'சிவகவி' படத்தை அவர் தொடங்கினார், முடித்தவர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு. 1943இல் அப்படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 1940களின் முற்பகுதியிலேயே ராஜா சாண்டோவின் வாழ்வு கோவையில் முடிவுற்றது. பின்னர், திரைத்துறைக்குத் தொண்டாற்றியோருக்கென அவர் பெயரால் விருது ஒன்றைத் தமிழக அரசு ஏற்படுத்தியது.

அழிந்தது எங்ஙனம்?

விருதில் பெயர் நிலைத்தது. ஆனால் படம் எங்கே? இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் சுமார் 1,300. எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் பல வெறும் துண்டுகள். தென்னிந்திய மௌனக் கதைப்படங்களில் நமக்குக் கிடைத்திருப்பது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையவை. வெப்பத்திலும் ஈரத்திலும் மக்கிப்போகும். அவற்றினும் கொடிது மனிதரின் அசட்டை. ஓடி முடிந்த படத்திற்கு விலையில்லை என்று கருதி, அதிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கச் சுருள்களை உருக்கினர். 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றி, பி. கே. நாயர் ஊர் ஊராய்த் தேடத் தொடங்குமுன் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

ஹார்டின் பண்ணைவீடு அவரது விருப்பப்படி மக்களுக்குரிய பூங்காவும் அருங்காட்சியகமுமாய்க் கலிபோர்னியாவில் நிற்கிறது. 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' இன்றும் திரையில் எரிகிறது. நமது நாகலிங்கமோ எழுத்தில் மட்டும் வாழ்கிறார். செல்வ நாட்டோடு நம்மை ஒப்பிடுவது முறையோ என வாசகர் வினவலாம். அப்படியாயின் நம் ஊரையே நோக்குவோம். இரமணரின் படத்துண்டுகள் பிழைத்தமைக்குச் செல்வம் காரணமன்று. அவரை நேசித்தோர் அவற்றை விற்பனைப் பொருளாகக் கருதாமல் நினைவுப் பொருளாகக் கருதியமையே காரணம். நடிகருக்கு ரசிகர்கள் இருந்தனர், காவலர்கள் இருந்தாரில்லை. கைத்தட்டல் வேறு, அன்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நாமோ, சமயத்தார் பலரும், திரைப்படத்தை நெடுங்காலம் ஒழுக்கக் கேட்டின் வாயிலாக மட்டுமே நோக்கினோம். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தது சரியே. ஆயினும் ஒரு தலைமுறையின் கண்ணீரும் சிரிப்பும் பதிந்த பொருளைப் பேண வேண்டும் என்ற எண்ணம் கற்றோர்க்கும் எழாமற்போனதில் நம் பங்கும் உண்டு. திரை மாறாது, காட்சியே மாயும் என்பது ஞானியின் நோக்கில் ஆறுதல் தரும் உண்மை. வரலாற்றின் நோக்கிலோ, மாயும் காட்சியைக் காப்பதும் மனிதக் கடமையே. மனித முகம் ஒவ்வொன்றும் மதிப்புடையது என நம்புவோர்க்கு இது சிறிய காரியமன்று.

வாசகர் இல்லங்களில் பழைய பாட்டுப் புத்தகங்களும், கொட்டகை விளம்பரத் தாள்களும், மங்கிய புகைப்படங்களும் தகரப்பெட்டிகளின் அடியில் கிடக்கலாம். பழைய பங்கு மலர்களின் இடையே ஒரு நோட்டீசு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அத்தாளில் ஒரு மல்லன் தோள்களை உயர்த்தி நிற்கக்கூடும். அவன் பேசமாட்டான், அவனுக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தாம்.